வேப்பிலைத் தட்டில் என் தலை

காஜா பெராங்,
மலாக்கா.
10.10.57

அன்பு மகள் விஜயாவுக்கு அம்மா சிவகாமி ஆசி கூறி எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உன் தங்கையும் முருகன் தயவில் குறையில்லாமல் இருக்கிறோம், ஈப்போவில் நீயும் மருமகன் நடராஜனும் அப்படியே இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். ஐந்தாம் மாதம் நடக்கிறது, விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் நிற்காதே, அன்னாசியைத் தொடாதே, தலை சுற்றினால் இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்துவிடு. துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு ஓய்வே இல்லை, தோட்டத்துக்குத் தோட்டம் விழா, எல்லாருக்கும் மேஜிக் வேண்டுமாம். கோகிலாதான் சரியாகச் சாப்பிடுவதில்லை, என்னவென்று கேட்டாலும் சொல்வதில்லை.

அக்கா, இதுவரை அம்மா சொன்னது. காலையில் தபாலில் போடச் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். இனி எழுதுவது நான், கோகிலா. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியும். அவர் அடுத்த பாயில்தான் படுத்திருக்கிறார், புரளும்போதெல்லாம் விளக்கைக் கையால் மறைத்துக்கொள்கிறேன். மாசமாக இருக்கும் உன்னிடம் இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனால் அப்பாவின் அந்த மேஜிக் மேசைக்குள் உட்கார்ந்தவர்கள் நீயும் நானும் மட்டும்தானே, வேறு யாரிடம் சொல்வேன்.

நீ உட்கார்ந்த அதே மேசைதான், உடம்பை மறைக்கும் அதே கண்ணாடிகள்தான், தலையை மட்டும் வெளியே நீட்ட ஓட்டை போட்ட அதே தட்டுதான். ஜனங்கள் தலையிடம் கேட்கும் கேள்விக்கு அப்பா ஒரு முறை இருமினால் ஆமாம், இரண்டு முறை இருமினால் இல்லை, அதுவும் மாறவில்லை. ஆனால் லாரியில் ஏற்றும்போது ஒரு கண்ணாடி ஓரத்தில் உடைந்துவிட்டது. அதை மறைக்க அப்பா வேப்பிலைக் கொத்து வைத்தார், பவுடர் போட்டால் எனக்குத் தும்மல் வருகிறது என்று முகத்துக்கு மஞ்சள் பூசினார், சும்மா இருக்கட்டும் என்று பெரிய குங்குமப் பொட்டும் வைத்தார். ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் திரையை விலக்கியதும் யாரும் கை தட்டவில்லை அக்கா. பெண்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள், ஒருத்தி கற்பூரம் கொண்டுவர ஓடினாள். உடம்பில்லாத தலை, மஞ்சள், வேப்பிலை, அவர்கள் கோயிலில் மாரியம்மன் அப்படித்தானே இருக்கிறாள். அப்பா அதை நினைக்கவே இல்லை. அன்றைக்குப் பாக்கியம் என்கிற, ரப்பர் பால்மரம் வெட்டும் அம்மா முன்னால் வந்து, ஆத்தா, ஜப்பான்காரன் சயாம் ரயிலு போட இழுத்துக்கிட்டுப் போனானே எம்புருசன், வருவாரா என்று கேட்டார். அப்பா ஒரு முறை இருமினார், இந்த மாதிரிக் கேள்விக்கு எப்போதும் அப்படித்தான், ஜனங்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போகட்டும் என்பார். வருவார் என்றேன்.

பிறகு அந்த அம்மாவின் மகன் ஜெயபாலன் நம் வீட்டைத் தேடி வந்தார். அண்ணே, தோட்டத்தத் துண்டு துண்டா வித்துட்டானுங்க, லயத்து வீட்டக் காலி பண்ணணும், சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போறேன்னா அம்மா நவுர மாட்டேங்குது, அவரு வந்தா இந்த வீட்டுக்குத்தானடா வருவாருன்னு ஒக்காந்திருக்கு என்றார். அட அது எம்மகப்பா, ஆறாப்பு படிக்குது என்று அப்பா சிரித்தார். நானுந்தாண்ணே சொன்னேன், ஆத்தாவையா பழிக்கிறேன்னு செவுள்ல விட்டுச்சு என்றார் அவர். அப்பா சிரிப்பை நிறுத்தி, சரி தம்பி, சொன்ன வாயே மாத்திச் சொல்லட்டும் என்றார். சொல்லப்போவது யார் வாய் என்று இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

போன சனிக்கிழமை அதே திடலில் அந்த அம்மா மறுபடியும் முன்னால் வந்தார். என்னிக்கு வருவாரு ஆத்தா என்றார். அப்பா இரண்டு முறை இருமினார், வரமாட்டார் என்றேன். அப்ப செத்துட்டாரா என்றார், ஓர் இருமல், ஆமாம் என்றேன். அவர் அழவில்லை. என் முகத்துக்குக் கிட்டத்தில் வந்து மெதுவாக, பசியோடவா செத்தாரு என்று கேட்டார். அதற்கு இருமல் இல்லை அக்கா. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை, புளிச்சோறு சாப்பிட்டார் என்று என் வாய் சொன்னது. அந்த அம்மா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, அவர லாரியில ஏத்தினப்ப நான் பாக்கு மட்டையில கட்டிக் குடுத்தது என்றார். சாப்புட்டாரா, சரி என்று தாலியைத் தானே கழற்றி என் தாடைக்குப் பக்கத்தில் தட்டில் வைத்தார். கையை வெளியே எடுக்க முடியாமல் திரை மூடும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எனக்கு யாரும் புளிச்சோறு பற்றிச் சொல்லவில்லை. ஜெயபாலனும் சொல்லவில்லை, அப்போது அவருக்கு நாலு வயது, ஒன்றும் நினைவில்லையாம். நம் வீட்டில் அன்றைக்குச் செய்யவும் இல்லை. தாலியை அப்பா கோயில் உண்டியலில் போட்டுவிட்டார், ஆனாலும் தாடையில் அந்த இடம் இன்னும் சில்லென்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பாடம் வாசித்தால் வேறு யாரோ வாசிக்கிற மாதிரி கேட்கிறது. அந்த அம்மா மகனோடு போய்விட்டார், பாத்தியா ஒரு குடும்பத்துக்கு நல்லது பண்ணிட்டோம் என்கிறார் அப்பா. ஆனால் சேதி பரவி, சயாமுக்கு ஆளைக் கொடுத்த மற்றத் தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் தலையைக் கூப்பிடுகிறார்கள். நாளை மறுநாள் தம்பின் ஊர்ப் பக்கம். எனக்குப் பயமா இருக்குப்பா என்றதற்கு, என்ன பயம், சோறு கறின்னு வாய்க்கு வந்தத சொல்லு என்றார். வாய்க்கு வருவதுதான் பயம் அக்கா.

பேறுகாலத்துக்குத் துணைக்கு நான் வேண்டும் என்று அப்பாவுக்கு எழுது, நீ கேட்டால் அனுப்புவார். தாயும் சேயும் இரண்டு உயிராக நல்லபடி பிரிந்து நூறு வயது இருக்க வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னார், அத்தானுக்கும் அம்மாவின் ஆசி. எனக்கு எழுதும் பதிலை மட்டும் வீட்டுக்குப் போடாதே, பள்ளிக்கூடத்துக்கு மல்லிகா டீச்சர் பெயருக்குப் போடு. நீ தலையாக இருந்தபோது உனக்கும் இப்படி உனக்குத் தெரியாத பேச்சு வந்ததா என்று மட்டும் எழுது. வரவில்லை என்றாலும் வந்தது என்றே எழுது அக்கா.

இப்படிக்கு,
அம்மாவுக்காகவும் தனக்காகவும் எழுதிய உன் தங்கை
ஏ. கோகிலா