ஒரு அட்டை குறைகிறது

அக்கா,

பெருங்காய டப்பாவை இன்று மறுபடி திறந்தேன். உள்ளே பெருங்காயம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். சிட்டிசன்ஷிப் பரீட்சைக் கேள்வி அட்டைகள்தான். வாடை மட்டும் இன்னும் போகவில்லை. இந்த அமெரிக்க அரசாங்கம் முழுக்க நம்முடைய கேட்டரிங் கிச்சன் வாடை அடிக்கிறது. செனட்டர் எத்தனை பேர், சட்டம் போடுவது யார், எதற்காக ராஜாவை எதிர்த்தார்கள், எல்லாவற்றிலும் அதே நெடி. மூக்கில் ஏறியதும் முதலில் அழுகை வந்தது. பின்னாலேயே பொறாமையும் வந்தது. நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. இன்னுமா என்று கேட்பீர்கள். இன்னும்தான்.

நான் அஞ்சாம் வகுப்பு. நீங்கள் எட்டு. மேலப்பாளையத்தில் எட்டாவது வரை படித்ததைக் காலேஜ் போன மாதிரிச் சொல்வீர்கள். நான் சங்கரன்கோவிலில் இருந்து பரோட்டா மாஸ்டருக்கு வாக்கப்பட்டு, அவர் பின்னாலேயே நியூ ஜெர்சி வந்தவள். பிரிட்ஜ்வாட்டர் பக்கத்தில் அந்தக் கிச்சனில் எதிரும் புதிருமாக நின்று எத்தனை வருஷம் வெங்காயம் உரித்தோம் நாம். சிட்டிசன்ஷிப்புக்கு இரண்டு பேரும் ஒரே வாரத்தில்தான் அப்ளை பண்ணினோம். உங்களை முதலில் கூப்பிட்டார்கள். என் பேப்பரில் ஏதோ சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே ஆரம்பித்தது இந்தப் பொறாமை என்று சொல்லலாம். ஆனால் அது பொய். அதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது.

மதியை வைத்துத்தான் ஆரம்பித்தது. என் ஒரே மகள், இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். சரி, அவள் பேசுகிறதை நாம் பிடித்துக்கொள்வோம் என்று நானும் எனக்குத் தெரிந்த ஓட்டை இங்கிலீஷில் பேசிப் பார்த்தேன். அவள் இன்னும் வேகமாக இங்கிலீஷ் பேசினாள். நீங்கள் என்ன செய்தீர்கள்? "எனக்கு இங்கிலீஷ் கேக்க காது கெடையாதுட்டி. தமிழ்ல சொன்னா கேக்கும்" என்று வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். இத்தனைக்கும் கார் லைசென்ஸ் வாங்குவது, முதலாளியோடு சண்டை போடுவது எல்லாம் இங்கிலீஷில் செய்கிறவர் நீங்கள். பிள்ளை வேறு வழியில்லாமல் உங்களிடம் தமிழ் பேசினாள். நான் அவளிடம் போகப் பார்த்தேன். நீங்கள் நின்ற இடத்துக்கு அவளை வரவைத்தீர்கள். என் மகளின் தமிழை நான் பக்கத்து மேஜையோரம் நின்று கேட்டேன் அக்கா.

அட்டை எல்லாம் அவள் எழுதியதுதான். இங்கிலீஷ் கேள்வியை நாம் படிக்கிற மாதிரி, நீங்கள் சொல்லிக்கொடுத்த தமிழ் எழுத்தில் எழுதி, பின்பக்கம் பதில். சனிக்கிழமை வளைகாப்பு ஆர்டர், பர்த்டே ஆர்டர் என்று நாம் வடைக்கு அரைத்துக்கொண்டிருக்கும்போது எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்பாள். டீக்கு வரி போட்டதால் ஜனங்கள் டீப் பெட்டியை எல்லாம் கடலில் கொட்டினார்கள் என்று அவள் சொன்ன அன்று நீங்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"அம்புட்டு டீத்தூளையுமா?"

"ஆமா ஆன்ட்டி. அவங்களைக் கேக்காமயே டாக்ஸ் போட்டாங்க. அதான் கோவம்."

"கோவம்னா ராஜாவப் புடிச்சுக் கடல்ல போடணும். டீ என்னட்டி பண்ணிச்சு?"

மதி சிரித்துச் சிரித்து டின்னில் இருந்து விழப் பார்த்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கிரைண்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்று கிளை விஷயம் எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. காங்கிரஸ், பிரசிடென்ட், கோர்ட். மூன்றும் அரசாங்கம் என்றால் பெரியது எது என்று திருப்பித் திருப்பிக் கேட்டேன். மதிக்குச் சலிப்பு வந்துவிட்டது. நீங்கள்தான் சொன்னீர்கள். "ஏளா, இந்த ஆர்டர்ல என்னென்ன போகணும்னு எழுதுதது முதலாளி. அடுப்புல நிக்கது உன் மாப்பிள்ளை. உப்பு சரியா இருக்கான்னு நக்கிப் பாத்து, இது போகாதுன்னு திருப்பி அனுப்புதவ நான். மூணையும் ஒருத்தனே பாத்தான்னு வையி, உப்புக் கரிக்குன்னு யாரு சொல்லுவா?" அன்றைக்கு ஏறியதுதான், பிறகு இறங்கவே இல்லை. மதி உங்களைப் பார்த்துக் கை தட்டினாள். அது என் வீட்டுக்காரர் அடுப்பு, என் மகள், நான் கேட்ட கேள்வி. கை தட்டு உங்களுக்கு.

இப்போது அந்த அட்டைக்கு வருகிறேன்.

பிரசிடென்டால் வேலை பார்க்க முடியாமல் போனால் வைஸ் பிரசிடென்ட் வருவார். இரண்டு பேராலும் முடியாவிட்டால் யார் வருவார்? அதுதான் கேள்வி. அதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. மதி தலையைத் தடவி, "உங்க அம்மா இல்லாத அன்னைக்கு நாந்தான் வைஸ் பிரசிடென்ட். என்னட்டி?" என்றீர்கள். அவளும், "யெஸ், ஆன்ட்டிதான்" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னீர்கள். உங்கள் மகன் டெக்சாஸில் இருந்து வருஷத்துக்கு ஒரு தரம் வருகிறவன், உங்களுக்கும் கொஞ்ச ஒரு பிள்ளை வேண்டாமா என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. அவள் கீழே வைத்த அந்த அட்டையை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். நீங்கள் பதிலே படிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த செவ்வாய்க்கிழமை உங்களுக்கு இன்டர்வியூ.

பாஸ் பண்ணிவிட்டு நேராகக் கிச்சனுக்குத்தான் வந்தீர்கள். கையில் ஜிலேபி டப்பா. "ஒண்ணுதாம்ளா தப்பு. அந்த ரெண்டு பேரும் இல்லாட்டா யாருன்னு கேட்டான். நான் அந்த அட்டையக் கண்ணாலயே பாக்கலையே" என்றீர்கள். "நான் எழுதினேனே ஆன்ட்டி" என்று மதி பெருங்காய டப்பாவைக் கவிழ்த்துத் தேடினாள். நான் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டு இருந்தேன். நீங்கள் தேடவில்லை. மறுநாள் டப்பாவை என் கையில் கொடுத்து, "இனி இது உனக்கு. ஒண்ணு கொறையுது. நீ தேடுனா கெடைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் நீங்கள்.

அந்த நவம்பரில் மதிக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. அவளுக்கும் முதல் ஓட்டு, உங்களுக்கும் முதல் ஓட்டு. உங்கள் காரில் மூன்று பேரும் ஓட்டுப் போடுகிற பள்ளிக்கூடத்துக்குப் போனோம். நீங்கள் இரண்டு பேரும் இறங்கி உள்ளே போனீர்கள். எனக்குத்தான் அங்கே வேலை இல்லையே, காரிலேயே இருந்தேன். ஹீட்டரை ஓடவிட்டு, "இறங்காத, குளிரும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். திரும்பி வரும்போது ஓட்டுப் போட்டவர்களுக்குக் கொடுக்கிற ஸ்டிக்கரை அவள் கோட்டில் ஒட்டியிருந்தாள், நீங்கள் முக்காட்டில் ஒட்டியிருந்தீர்கள். அவள் தோளில் கை போட்டு நடந்து வந்தீர்கள். என்னைப் படம் எடுக்கச் சொன்னாள் மதி. எடுத்துக் கொடுத்தேன். அந்தப் படம்தான் இப்போதும் அவள் போனைத் திறந்தால் முதலில் வருகிறது.

பிப்ரவரியில் பனி கொட்டின ஒரு காலையில் உங்கள் நெஞ்சு நின்றுபோனது. அடக்கம் பண்ணின அன்று மதி அழுத அழுகையைப் பார்த்து, நான் செத்தால் இவ்வளவு அழுவாளா என்று நினைத்தேன். உங்கள் மகன் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அந்த நேரத்தில் எனக்கு ஓடின நினைப்பு அது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

இன்று எனக்கு இன்டர்வியூ அக்கா. மதிதான் லீவு போட்டு நெவார்க் வரை ஓட்டி வந்தாள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் உயரமான மனிதர், மெதுவாகத்தான் கேட்டார். அரசாங்கத்தில் ஒரு கிளை மட்டும் ரொம்பப் பெரிதாகிவிடாமல் தடுப்பது எது என்று கேட்டபோது, கரண்டியும் கையுமாக நீங்கள் வந்து நின்றீர்கள். உப்பு என்று வாயில் வந்துவிட்டது. முழுங்கிக்கொண்டு, செபரேஷன் ஆஃப் பவர்ஸ் என்றேன். சரியான பதில்கள் போதுமான அளவு வந்ததும் நிறுத்திவிட்டார். பாஸ் என்றார். அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அதைக் கேட்பார், நான் தப்பாகச் சொல்வேன், அதோடு கணக்குத் தீரும் என்று நினைத்துத்தான் உள்ளே போனேன்.

காரில் ஏறியதும் பர்ஸில் இருந்து அட்டையை எடுத்து மதியிடம் நீட்டினேன். நான்தான் எடுத்தேன், ஆன்ட்டி தோற்கட்டும் என்றுதான் எடுத்தேன் என்று சொன்னேன். அவள் வண்டியைக் கிளப்பவில்லை.

"தெரியும்மா."

"எப்படித் தெரியும்?"

"ஆன்ட்டி அன்னைக்கே சொன்னாங்க. 'உங்க அம்மா வச்சிருக்கா, கேக்காதட்டி. அவளே தருவா. தரும்போது தமிழ்ல பேசு'ன்னாங்க."

தமிழில்தான் சொன்னாள். என்னிடம். அதுவும் உங்கள் மேலப்பாளையம் இழுவையோடு. எத்தனை வருஷம் காத்திருந்தேன் இதற்கு. வந்தபோது உங்கள் குரலில் வருகிறது. நான் தப்பை ஒத்துக்கொள்கிற இடத்துக்கும் எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். அழுதுகொண்டே உங்கள் மேல் கோபப்பட்டேன். "என்னம்மா?" என்றாள். "ஒண்ணுமில்ல, கேள்வியக் கேளு" என்றேன். அட்டையைப் பார்த்துக் கேட்டாள். கீழ்ச்சபை சபாநாயகர் என்று தமிழிலேயே சொன்னேன். "கரெக்ட்ளா" என்றாள்.

இனி அடுத்து ஒரு நாள் கை தூக்கிச் சத்தியம் செய்யவேண்டும். அது முடிந்து வருகிற முதல் தேர்தலுக்கு மதியும் நானும் போவோம், நானும் காரை விட்டு இறங்குவேன். ஸ்டிக்கரை என் சேலைத் தலைப்பில் ஒட்டிக்கொள்வேன். அவள் தோளில் நானும் கை போடுவேன். படம் எடுக்கத்தான் ஆள் இல்லை.

டப்பாவை மூடிவிட்டேன். அட்டையை உள்ளே போடவில்லை. அது பர்ஸிலேயே இருக்கட்டும். உள்ளே வைத்துவிட்டால் எண்ணிக்கை சரியாகிவிடும் அக்கா. நீங்கள் குறைகிறது என்று சொன்னது குறைந்தபடியே இருக்கட்டும்.