நர்ஸம்மா திருப்பிக் கொடுத்த டப்பாக்கள்

அன்பு மகளுக்கு,

உன் சித்தப்பா எழுதுவது. நானும் உன் சித்தியும் கை கால்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க நலமாக இருக்கிறோம், நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நலம் இத்தோடு முடிந்தது. இனி வருவதை உட்கார்ந்துகொண்டு படி. எனக்குத் திறந்த வாய் இன்னும் மூடவில்லை, ஒரு பஸ்ஸே உள்ளே போய்த் திரும்பி வந்துவிடலாம்.

உன் சித்தி முகக்கிரீம் விற்கிற அழகு உனக்குத் தெரியாததா. பையோடு எதிர்வீட்டு நர்ஸம்மாவிடம் போவாள், முட்டிவலியை விசாரிப்பாள், குழாயில் தண்ணீர் வராததற்கு யாரையாவது திட்டுவாள், டீ குடிப்பாள், கிளம்பும்போது ஏதோ மறந்துபோனதை எடுப்பதுபோல ஒரு டப்பாவை மேஜைமேல் வைப்பாள். உலகத்துக் கம்பெனி முதலாளிகள் எல்லாம் இவளிடம் பாடம் கேட்க நம் தெருமுனைவரை வரிசையில் நிற்க வேண்டியதுதான். இப்போது என்னவென்றால், வீட்டிலிருந்தபடி நேரடியாக விற்கிறவர்களுக்கு அரசாங்கம் புது விதிகள் கொண்டுவரப் போகிறதாம், பேப்பரில் வந்திருக்கிறது. கழுத்தில் அடையாள அட்டை மாட்ட வேண்டும், வாசலிலேயே பெயர், கம்பெனி, வந்த நோக்கம் எல்லாம் சொல்ல வேண்டும், கூப்பிட்டால்தான் உள்ளே போகலாம், பிரிக்காத பொருளைத் திருப்பித் தந்தால் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். ஊரை ஏமாற்றுகிற பெரிய திமிங்கிலங்களுக்கு விரிக்கிற வலை, அதில் தானே ஓடிப்போய் முதலில் விழுந்த மீன் உன் சித்தி. இது இன்னும் யோசனைதான், ஜனங்களிடம் கருத்துக் கேட்கிறார்கள், சட்டமாகவில்லை என்று தொண்டை கிழியச் சொன்னேன். வந்தப்புறம் தடுமாறுறதைவிட இப்பவே பழகிக்கறேன், நீங்க சும்மா இருங்க என்றாள்.

அட்டையை மாட்டிக்கொண்டு போய் நர்ஸம்மா வாசலில் கல்தூண் மாதிரி நின்றாள். நான் இன்ன கம்பெனி விற்பனையாளர், உங்களுக்குப் பொருள் விற்க வந்திருக்கேன், உள்ள வரலாமா என்று கேட்டாளே பார்க்கலாம்! நான் நம் ஜன்னலில் நின்றபடி உறைந்து போனேன். நர்ஸம்மா முதலில் விளையாட்டென்று சிரித்தார். இவள் சிரிக்காமல் பேப்பரில் வந்த விதிகளை ஒவ்வொன்றாக ஒப்பித்தாள். அவர் முகம் மாறிவிட்டது. அப்ப இத்தனை வருஷமா விக்கத்தான் வந்தியா, என்னைப் பாக்க வரலையா என்று கேட்டார். அவர் விறுவிறுவென்று உள்ளே போனார், துடைப்பம்தான் வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தது துணி துவைக்கிற பெரிய பேசின், அதில் இமயமலை உயரத்துக்குக் கிரீம் டப்பாக்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை மகளே, ஒன்றுகூட! எனக்கு இந்த வாசனையே ஆகாதுடி, தும்மல் வரும், நீ வந்து உக்காரணுமேன்னுதான் வாங்கினேன், உன் சட்டப்படி திருப்பி எடுத்துக்கோ என்று பேசினை வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த மலையை நான்தான் வீட்டுக்குச் சுமந்து வந்தேன். அப்புறம் நம் வீட்டில் மிக்ஸிகூடப் பயந்து பயந்துதான் ஓடியது. நான் செய்த ஜோக்குகளுக்கு அவள் திட்டக்கூட இல்லை, அதுதான் எனக்குப் பெரிய பயம். நேற்று அவளாகவே, அரசாங்கத்துக்கு நம்ம கருத்தை எழுதுங்க என்றாள். அட்டை மாட்டச் சொன்னா மாட்டறேன், திருப்பித் தந்தா வாங்கிக்கறேன், எல்லாம் நியாயம்தான், ஆனா வந்த நோக்கத்தை வாசல்லயே சொல்லச் சொல்றாங்களே, அது எனக்கே தெரியலைன்னு எழுதுங்க என்று சொல்லிப் பேனாவை என் கையில் திணித்தாள். அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். இன்று சாயங்காலம் அட்டையும் இல்லாமல் பையும் இல்லாமல் எதிர்வீட்டுக்குப் போனாள். என்ன சொல்வதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள். கதவு திறந்தது. என்னடி நிக்கற, ஊத்தி வச்ச டீ ஆறிப்போகுது என்று நர்ஸம்மா போட்ட சத்தம் இங்கே எனக்கே கேட்டது. இதை எழுதி முடிக்கிறேன், போனவள் இன்னும் வரவில்லை.

எல்லா நலமும் பெற்று நூறாண்டு வாழ்வாயாக. ஒன்று மட்டும் மறக்காதே, இப்போது அவளுக்கு வாங்கினவர்கள் எல்லார்மேலும் சந்தேகம், உன்னையும் கேட்பாள். நீ ஊருக்குக் கொண்டுபோன டப்பாவை இன்றைக்கே பிரித்துவிடு.

டப்பா மலையின் அடிவாரத்திலிருந்து,
உன் சித்தப்பா