முற்றிய வெண்டை

ஜூன் 9

இன்றும் வெண்டை பறிப்பு. கையெல்லாம் காயின் சுனை குத்தி அரிப்பு. மேற்கே மலையில் மேகம் அடைந்து கிடக்கிறது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதாம், வேன் வேனாகப் போகிறார்கள். இங்கே சுந்தரபாண்டியபுரத்தில் வெறும் காற்றுதான். துணி மாற்ற இரண்டு தடவை வயலிலிருந்து வீட்டுக்கு ஓடினேன். இந்த மாதம் உதிரம் நிற்கவே மாட்டேன் என்கிறது.

ஜூன் 12

தென்காசியில் டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "கர்ப்பப்பையில கட்டி. ரத்தமும் ரொம்பக் கொறஞ்சிருக்கு. தள்ளிப் போடாம வந்து சேந்துருங்க, எடுத்துரணும்" என்றார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மோட்டாரைத் துடைத்துக்கொண்டே, "இந்தப் பறிப்பு முடியட்டும் சந்தனமாரி" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 13

ஒருநாள் பறிப்பு. மறுநாள் கிணற்றில் தண்ணீர் பாய்ச்ச எங்கள் முறை. கிணறு கொழுந்தனோடு பங்கு. விட்ட முறை விட்டதுதான், திரும்ப வராது. இந்த வறட்சியில் கொஞ்ச நேரம் ஓடினாலே மோட்டார் காற்றை இழுக்கிறது. ஊறும்வரை காத்துக் கிடக்க வேண்டும். இதில் நான் எந்த நாளில் போய்ப் படுக்க?

ஜூன் 15

"நீங்க பறிங்களேன்" என்றேன். அவருக்குச் சுனை ஒத்துக்கொள்ளாதாம். எனக்கு மட்டும் ஒத்துக்கிடுதாக்கும். கூலிக்கு ஆள் கேட்டால் எல்லாரும் நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

ஜூன் 18

வரப்பில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். கொழுந்தன் மனைவி ஜெயபிரியா தண்ணீரோடு ஓடிவந்தாள். "யக்கா, இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகலியா?"

"பறிப்பு முடியட்டும்னு சொல்லுதாவ."

"வெண்டை எங்கக்கா முடியும்? பறிக்கப் பறிக்கக் காய்க்கும்லா."

எனக்குத் தெரியாததா? காயை முற்ற விட்டால்தான் செடி ஓயும். ஆனாலும் அவள் சொன்னதிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 19

பறிக்கவில்லை.

ஜூன் 21

இன்றும் வெறும் கூடைதான். காற்றுக்குப் பூ உதிர்ந்துவிட்டது என்றேன். நம்பிவிட்டார். செடிக்குள் இறங்கிப் பார்க்கிற ஆளா?

ஜூன் 25

இறங்கிவிட்டார். ஒரு காயை ஒடித்தார். ஒடியவில்லை, நாராக மடங்கியது. "ஏட்டி, வேணும்னே விட்டியா? கிறுக்கு புடிச்சிட்டா ஒனக்கு?" பக்கத்து வயல் வரைக்கும் கேட்டது.

கூடையைக் கீழே வைத்தேன். "பறிப்பு முடிஞ்சிட்டு. வண்டிய எடுங்க" என்றேன்.

எவ்வளவு காய், அய்யோ. பாவம் செடி. நான் மட்டும் பாவமில்லையா?

ஜூலை 4

ரத்தம் ஏற்றி, ஆபரேஷனும் ஆகிவிட்டது. காலையில் விழித்தபோது வார்டு ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. நேரமாகிவிட்டதே என்று பதறி எழுந்தேன், தையல் இழுத்தது. அப்புறம்தான் எங்கே இருக்கிறேன் என்று புரிந்தது. அழுகை வந்துவிட்டது.

அவர் பிளாஸ்கில் காபி கொண்டுவந்தார். அவரே ஆற்றித் தந்தார். கல்யாணமான நாளிலிருந்து இப்படிச் செய்ததில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா ஒடம்பத் தேத்திட்டு வா. அதுக்குள்ள வெண்டைய அழிச்சு உழுது போட்டிருதேன். கத்தரி வைப்போம், என்ன? கத்தரின்னா வருசம் பூராக் காய்க்கும்லா" என்றார்.

கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன்.