பத்து லட்சத்து ஒன்று

ராயபுரம்,
ஏப்ரல் 1942

அன்புள்ள ஐயாவுக்கு மகன் பால்வண்ணன் வணங்கி எழுதுவது. நான் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது, பயப்படாதீர்கள். 1000001 எதனாலும் வகுபடாத எண்ணா என்று பார்க்க, நான் வேலை பார்க்கும் சரக்குக் கிட்டங்கியின் கதவில் கரியால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். போலீஸ்காரர் பிடித்துவிட்டார்.

"இன்னாடா இது? ஜப்பான்காரனுக்கு சேதி எழுதிக்கினு கீறியா?"

"இல்லைங்க, நூத்தியொண்ணால வகுபடுது. ஈவு 9901."

ஸ்டேஷனில் வகுத்துக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் சரிபார்த்தார். கணக்கை நம்பினார், என்னை நம்பவில்லை. "உன்னைத் தெரிஞ்ச ஆளை இட்டாந்து காட்டு, இல்லேன்னா உள்ளே போடுவேன்" என்று அனுப்பினார்.

முதலாளி குண்டுக்குப் பயந்து குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். வேறு யாருக்கும் என்னைத் தெரியாது.

நீங்கள் அனுப்புவதாக எழுதிய ஊறுகாய் வேண்டாம், ஐயா. நீங்கள் உடனே ரயிலேறி வந்து, இவன் என் மகன்தான் என்று சொல்லுங்கள்.

அவசரத்தில்,
பால்வண்ணன்