நெற்றிக்குப் பின்னால்

மே 6

பாண் கிடைக்கவில்லை, இடியப்பம் அவித்தேன். இப்ஹாம் தட்டைத் தூக்கி முற்றத்தில் எறிந்தார். கொஞ்ச நேரத்தில், "இன்னும் ரெண்டு போடு றுஷ்னா" என்று அமைதியாகக் கேட்டார். ஒன்றுமே நடக்காத மாதிரி. ஃபாஹிமா சாப்பிடாமலே பள்ளிக்கூடம் போனாள். ஒன்பது வயதுப் பிள்ளை, வாப்பாவின் முகத்தைப் பார்ப்பதை விட்டுக் கையையே பார்க்கிறாள்.

போன வருஷம் பாலாவி வீதியில் மோட்டார் சைக்கிள் சறுக்கி இவருக்கு நெற்றியில் அடிபட்டது. இப்போது நடக்கிறார், கதைக்கிறார், கிழிந்த வலை பொத்துகிறார். "அல்லாஹ் காப்பாத்திட்டான்" என்கிறார்கள் எல்லோரும். ஓம், காப்பாற்றினான். ஆனால் இவர் யார்?

மே 14

கிளினிக். டொக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"இவருக்குக் கோவம் கூடல்ல. நெத்திக்குப் பின்னால இருக்கிற மூளைதான் கோவத்தை அடக்குறது. இதைச் செய்தா அடுத்து என்ன நடக்கும், ஆர் அழுவாங்க எண்டு முன்னுக்கே காட்டுறதும் அதுதான். அந்த இடத்திலதான் அடி."

"திரும்ப வருமா?"

"கொஞ்சம் வரலாம். வந்தாலும் மெதுவாத்தான். அது வரைக்கும் நடக்கப் போறதை நீங்க முன்னுக்கே சொல்லிக் குடுங்க."

மே 15

நான் அவருடைய குணம் என்று நம்பி வாழ்ந்த அந்தப் பொறுமை, மண்டைக்குள் ஓர் இடம் மட்டும்தானா?

மே 30

பக்கத்து வீட்டுப் பாறூக் காக்கா, இவருடைய கூடப்பிறந்த மூத்தவர், வருவதாகச் சொன்னார். வருமுன்பே இவரிடம் சொன்னேன். "காக்கா தொழிலுக்கு ஏன் போறல்ல எண்டு கேப்பார். உங்களுக்குச் சுள்ளெண்டு வரும். வந்தா ஒண்டும் சொல்லாம கிணத்தடிக்குப் போங்க."

அப்படியே போனார்! திரும்பி வந்து தேத்தண்ணியும் குடித்தார். காக்காவுக்குப் பிடிக்கவில்லை. "சின்னப் புள்ளயப் போல ஆக்கி வெச்சிருக்கிய" என்றார். சொல்லட்டும். இன்று வீட்டில் யாரும் அழவில்லை.

ஜூன் 19

பிள்ளையைப் போர்வையால் சுற்றிப் படுக்க வைத்துவிட்டு எழுதுகிறேன்.

கச்சான் காற்று பலமாக அடிக்கிற நாள். ஒருத்தரும் தோணி இறக்கவில்லை. நான் கடைக்குப் போன நேரம் ஃபாஹிமா உச்சமுனைத் தீவைப் பார்க்க ஆசை என்றிருக்கிறாள். உடனே இவர் தோணியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். களப்புக் கடலின் நடுவில் தோணிக்குள் தண்ணீர் ஏறி, என்ஜின் நின்று— இவரோடு தொழில் செய்யும் நிக்கொலஸ் கரையிலிருந்து கண்டு, தன் வள்ளத்தில் போய் இழுத்து வந்திருக்காவிட்டால்?

பிள்ளை உதடு நீலமாகி நின்றாள். இவர் சிரித்தார். "ஒண்டும் நடக்கல்லதானே?"

கோபத்துக்கு மட்டும்தானே நான் முன்னே சொல்லி வைத்தேன். அன்பாலும் பிள்ளையைக் கொல்லலாம் என்று எனக்கு யார் சொன்னது? எத்தனைக்கு நான் முன்னே ஓடுவேன், யா அல்லாஹ், என்னால ஏலாது.

ஜூன் 21

பிள்ளையோடு புத்தளத்துக்கு, என் மூத்தவள் ஷிஹாரா ராத்தா வீட்டுக்கு வந்துவிட்டேன். இவரைக் காக்கா பார்த்துக்கொள்கிறார். பஸ் ஏறும்போது, "பின்னேரம் வந்திருவியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு வெயிலில் நின்றார். கவலை இல்லாத முகம். அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூலை 7

ஞாயிறு தோறும் இருவரும் இவரைப் பார்க்கப் போகிறோம். இன்றும் கத்தினார். மீனில் முள் இருந்ததாம். திரும்பும்போது ஃபாஹிமா பஸ்ஸில் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் அடுத்த கிழமையும் வருவாளாம்.

ஆகஸ்ட் 11

காலையில் அவரே போனில் கோல் எடுத்தார்.

"றுஷ்னா, இண்டைக்குப் புள்ளயக் கூட்டி வராத."

"ஏன்?"

"எழும்பினதில இருந்து தலை கொதிக்குது. அவள் வந்து ஏதாச்சும் கேப்பாள். நான் கத்துவன். பொறகு அவள் அழுவாள்." அதோடு நிறுத்தவில்லை. "தோணியையும் நிக்கொலஸுக்குக் குடுத்திட்டன். இங்க கிடந்தா திரும்பவும் ஏத்திட்டுப் போயிருவன்."

முன்னுக்கே தெரிந்திருக்கிறது அவருக்கு. யாரும் சொல்லிக் கொடுக்காமல். இந்த ஒன்றுக்காக எத்தனை தொழுகையில் கையேந்தினேன். சந்தோஷப்பட வேண்டும். அழுகைதான் வந்தது.

ஃபாஹிமா சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "போவமா உம்மா?"

கழற்றச் சொன்னேன்.