உன் வீட்டுக் கூடத்தில் கல்பனா போட்ட பார்

என் ஆசைத் தம்பி முருகேசா,

உன் வீட்டில் நடக்கிற கூத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? போன வாரம் உன் பெண்டாட்டி கல்பனா போன் செய்தாள். "அண்ணி, கார்த்திக்காக வீட்ல ஒரு சின்ன பார் போடறேன், ஆசாரி வந்திருக்காரு" என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். நீ இளவட்டமாக இருந்தபோது பூவரச மரத்தில் கம்பி கட்டி பார் எடுத்தவனாயிற்றே, நமக்கு பார் என்றால் அதுதானே! பெங்களூரில் உட்கார்ந்தே வேலை பார்த்து உன் பிள்ளைக்குத் தொப்பை விழுந்துவிட்டது, கம்பியில் தொங்கட்டும் என்று நினைத்தேன். "நல்லா உசரமா போடச் சொல்லு, கால் தரையில இடிக்கப் போவுது" என்று யோசனை வேறு சொன்னேன். ஆசாரி கூப்பிடுகிறார் என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மாவடு பாட்டிலோடு பாபநாசத்தில் பஸ் ஏறி வந்தேன். கூடத்து மூலையில், டிவி இருந்த இடத்தில் ஒரு மர அலமாரி. உள்ளே பளபளவென்று கண்ணாடி கிளாஸ்கள், ஐஸ் எடுக்க இடுக்கி, எலுமிச்சம்பழம் பிழியும் கருவி, குழந்தைக்கு மருந்து ஊற்றும் மூடி மாதிரி ஒரு அளவுக் கிண்ணம். கீழ்த்தட்டில் இரண்டு பிராந்தி பாட்டில், சோடா. அட கடவுளே! "கம்பி எங்கடி?" என்றேன். "எந்தக் கம்பி அண்ணி?" என்றாள்.

நீ இருந்தவரை ஒரு சொட்டு உள்ளே வர விட்டாளா? இப்போது கடை விரிக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? இவளே குடிக்க ஆரம்பித்துவிட்டாளோ? காபி கொண்டுவந்தபோது பக்கத்தில் நின்று மோந்து பார்த்தேன். வெங்காய வாடைதான் வந்தது. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன், மூடி உடைக்கவில்லை. அப்படியும் மனசு ஆறவில்லை. பையனுக்கு ஊற்றிக் கொடுத்து நிலத்துக்குக் கையெழுத்து வாங்கப் பார்க்கிறாளோ?

அலமாரிக் கதவின் உள்பக்கம் இரண்டு பித்தளைக் கொக்கிகள். ஒன்று காலி. மற்றதில் உன் வண்டிச் சாவி, அந்தப் பிளாஸ்டிக் பிள்ளையாரோடு. வாய்க்காலிலிருந்து தூக்கிய வண்டியைத்தான் பழைய இரும்புக்குப் போட்டாயிற்றே, சாவி இங்கே எதற்கு? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"புருஷன் போயி வருஷம் திரும்பல, அதுக்குள்ள நடு வீட்ல சாராயக் கடையா? வெக்கமா இல்ல?"

அவள் அழவில்லை. "கார்த்தி ஊருக்கு வந்தா சாயங்காலம் எங்க போறான் தெரியுமா அண்ணி? அவங்கப்பா போன அதே கடைக்கு. அதே வாய்க்கா கரையிலதான் வண்டியில திரும்பி வரான். வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்கன்னு அவருகிட்ட நாந்தான் சண்டை போட்டேன். என் பேச்ச அப்படியே கேட்டாரு. வெளியிலயே குடிச்சாரு, வெளியிலயே போயிட்டாரு."

எதிரே வந்த லாரி வெளிச்சத்தில் உனக்குக் கண் கூசிவிட்டது என்றுதானே ஊரெல்லாம் சொல்லி வருகிறேன்? அந்த லாரிக்காரனை மண்ணை வாரித் தூற்றினேன். பிரேக் பார்த்த மெக்கானிக் மேல்கூடச் சந்தேகப்பட்டேன். உன்னை மட்டும் விட்டுவிட்டேன். நிஜமாகச் சொல்லு தம்பி, அன்றைக்கு லாரி வந்ததா?

பொழுது சாயும் நேரம் கார்த்தி உள்ளே வந்தான். கல்பனா கையை நீட்டினாள். "சாவி."

"அஞ்சு நிமிஷம்மா, பசங்கள பாத்துட்டு வந்துடறேன்."

"சாவிய மாட்டு. அப்பறம் கிளாஸ எடு."

அவன் என்னைப் பார்த்தான். நான் முகம் கொடுக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே காலிக் கொக்கியில் மாட்டினான். அவள் அளந்து ஊற்றி, சோடா விட்டு, பக்கத்தில் ஆம்லெட் வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். "அம்மாவும் அத்தையும் மொறச்சுக்கிட்டு இருந்தா என்னத்த எறங்கும்?" என்றான். பாதிக்கு மேல் தொடவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. இதே நாற்காலியில் உன்னை உட்காரவைத்திருக்கக் கூடாதா?

இன்னும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு கிளாஸ் இரண்டாகாதா? சனிக்கிழமை தினப்படி ஆகாதா? கேட்டால், "தெரியல அண்ணி, வண்டிய எடுக்காம இருந்தா போதும்" என்கிறாள். அவள் சொன்னதிலேயே அது ஒன்றுதான் எனக்குச் சந்தேகமில்லாமல் காதில் விழுந்தது.

இனிமேல் அவன் ஊருக்கு வருகிற சனிக்கிழமையெல்லாம் நானும் வந்துவிடுவேன். அலமாரியைத் திறந்து, அவன் சாவி உன் சாவிக்குப் பக்கத்தில் தொங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் சோற்றில் கை வைப்பேன். உன் சாவியை அங்கிருந்து யாரையும் எடுக்க விடமாட்டேன். நீ இனி எங்கேயும் போக வேண்டாமடா.

லாரிக்காரனை விட்டுவிட்டு உன்னைத் திட்டத் தொடங்கியிருக்கும்,
உன் கூடப்பிறந்த அக்கா