கடைசி வளையம்

18-2-1974, திங்கள். மாமல்லபுரம்.

பத்து நாளாகப் பித்தளைக் கம்பியை வளைத்து, ஒவ்வொரு வளையமாகப் பற்றவைத்து, மனைவிக்கு ஒரு சங்கிலி செய்தேன். நூலால் அவள் கழுத்தை அளந்து அதே நீளத்தில் முடித்தேன். கடைசி வளையத்தையும் பற்றவைத்த பிறகுதான் தெரிந்தது, அது தலை வழியே இறங்காது. கொக்கி வைக்க மறந்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துச் சண்முகம் வந்தான். சைக்கிள் கடைக்காரன், அவளுடைய மாமன் மகன். முறைப்படி அவளைக் கட்டியிருக்க வேண்டியவன்.

"இன்னா அண்ணாத்த, கழுத்த அளந்துட்டு தலைய மறந்துட்டியே!" என்று சிரித்தான். ஒரு வளையத்தை வெட்டித் திறந்தான். அவள் கொண்டையைத் தூக்கிக் குனிந்தாள். அவள் கழுத்தில் போட்டுக் குறட்டால் நெரித்து மூடியதும் அவன்தான். நான் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சண்முகம் கை பட்டாத்தான் எதுவும் ஒழுங்காவுது" என்றாள். விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பாள். பேரன் எடுத்த வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

படுக்கும்போது, "இத்த கழட்டணும்னா அவனத்தான் கூப்புடணுமா?" என்று கேட்டாள். நானே கழற்றுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். "கழட்டவே வாணாம், அப்படியே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. எதற்கு அவ்வளவு சந்தோஷம் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.